மலைநகர விடுதிகளும் பருவகாலத் தேவையும்

கோலார் தங்க வயலில் சுரங்கம் இயங்கிய காலத்தில் குடியிருப்புத் தேவைக்குப் பருவம் என்பது கிடையாது. முறைப் பணி ஆண்டு முழுவதும் நடைபெற்றமையால் தொழிலாளர் வரிசை வீடுகளும் ஆண்டு முழுவதும் நிறைந்திருந்தன. 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பின்னர் பலர் நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறி உழைக்கின்றனர். உதகமண்டலத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. சென்னை மாகாண அரசு கோடையில் அங்கு இடம்பெயர்ந்த காலந்தொட்டே அந்நகரின் வாழ்வு பருவத்தை ஒட்டி அமைந்துவிட்டது. 1908-ல் மலை ரயில் உதகையை எட்டியது. இன்றோ பள்ளி விடுமுறையும் மே மாத மலர்க் கண்காட்சியுமே கூட்டத்தை நிர்ணயிக்கின்றன.

விடுதி அறை என்பது தேக்கிவைக்க இயலாத சரக்கு. இன்றிரவு விலைபோகாத அறையை நாளை விற்க முடியாது. ஆகவே விற்ற அறை-நாட்களை, விற்கத்தக்க அறை-நாட்களால் வகுத்து வரும் விழுக்காடே இத்தொழிலின் நாடியாகும்.

பத்து அறைகள் கொண்ட ஒரு விடுதியைக் கொள்வோம். ஆண்டுக்கு 3,650 அறை-நாட்கள். ஏப்ரல், மே மாதங்களின் 61 நாட்களும் முற்றிலும் நிரம்பி, ஏனைய 304 நாட்களில் 30 விழுக்காடே நிரம்பினால், விற்பனை 1,522. அதாவது 42 விழுக்காட்டிற்கும் குறைவு. நிலைச் செலவு 18 லட்சம் ரூபாய் எனில், விற்ற ஒவ்வோர் அறை-நாளும் சுமார் 1,183 ரூபாயைத் தாங்க வேண்டும். மற்ற மாதங்களில் 45 விழுக்காடு நிரம்பினால் இச்சுமை 910 ரூபாயாகக் குறையும்.

கோடையில் வந்தவரைத் திருப்பியனுப்பும் உரிமையாளர் மேலும் ஐந்து அறைகள் கட்ட முனைவது இயல்பே. ஆனால் பிற மாதங்களின் தேவை பெருகாவிடில், கோடையில் பதினைந்தும் நிரம்பினாலும், ஆண்டு விகிதம் 33 விழுக்காட்டிற்கு இறங்கிவிடும். இரண்டு மாதக் கூட்டத்திற்காக மலைச்சரிவை வெட்டுவதும், குடிநீருக்குப் போட்டியிடுவதும் ஊராருக்கு ஆண்டு முழுவதுமான சுமை. இச்செலவு எந்த விடுதியின் கணக்கிலும் ஏறுவதில்லை!

கட்டணத்தைப் பருவத்திற்கேற்ப மாற்றுவது ஒரு வழி. சலவை, மின்சாரம் போன்ற மாறும் செலவுக்கு மேல் கிடைப்பது எதுவாயினும், வெற்றறையைவிட அது மேல். செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் பருவத்தை வளர்ப்பது மற்றொன்று.

சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. பொதுப் பேருந்துகளுக்கு விலக்கு உண்டு. வணிகர்கள் இதனை எதிர்த்தனர். எனினும் இவ்வரம்பு வாகனங்களுக்கே, தங்கும் இரவுகளுக்கு அன்று. காலையில் வந்து மாலையில் இறங்கும் காரைவிட, மூன்றிரவு தங்கும் குடும்பத்தின் கார் அதே ஒரு நுழைவில் மூன்று அறை-நாட்களைத் தருகிறது.