முதலை என்ன சாப்பிடும்?

1902ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜஸ்ட் ஸோ ஸ்டோரீஸ்’ என்ற சிறுவர் நூலில் ஒரு குட்டி யானை வருகிறது. எழுதியவர், மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங். அந்தக் காலத்தில் யானைகளுக்குத் தும்பிக்கையே கிடையாதாம். பூட்ஸ் அளவுக்கு ஒரு மூக்குதானாம்.

குட்டிக்கோ ஓயாத கேள்விகள். ஒட்டகச்சிவிங்கி மாமாவுக்கு உடம்பில் ஏன் புள்ளிகள்? நீர்யானை அத்தைக்குக் கண் ஏன் சிவப்பு? கேட்ட இடமெல்லாம் அடிதான் கிடைத்தது. ஒருநாள், “முதலை என்ன சாப்பிடும்?” என்று கேட்டது. அதற்கும் அடி. ‘எனக்குத் தெரியாது’ என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம்!

பதில் தேடி ஆப்பிரிக்காவின் லிம்போபோ ஆற்றுக்கே போய்விட்டது குட்டி. அங்கே முதலையிடமே கேட்க, அது மூக்கைக் கவ்வி இழுத்தது. மலைப்பாம்பு ஒன்று பின்னாலிருந்து இழுத்துக் காப்பாற்றியது. ஆர்வத்தில் ஆபத்தே இல்லை என்று கிப்ளிங் பூசி மெழுகவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நீண்டுபோன மூக்கால் ஈ ஓட்டலாம், புல் பறிக்கலாம், சேற்றை அள்ளித் தலையில் போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் அடித்த உறவினர்களுக்கெல்லாம் அதே மூக்கால் திருப்பிக் கொடுத்தது! பிறகு அவர்களும் மூக்கை நீட்டிக்கொள்ள ஆற்றுக்கு ஓடினார்கள்.

இது கற்பனை. உண்மையில் தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் இணைந்து வளர்ந்த உறுப்பு. அதில் ஓர் எலும்புகூடக் கிடையாது. உங்கள் வீட்டுக் குழந்தை ‘ஏன்?’ என்று கேட்டால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.