நல்ல உளி எங்கே கிடைக்கும்?

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தன் கைக்குற்றத்தைப் பிறிதொன்றின்மேல் ஏற்றுவோரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆயினும், தச்சுத் தொழிலைப் பொறுத்தவரையில், கூடம் மெய்யாகவே கோணலாக இருந்துவிடுவதும் உண்டு. பதமேறாத உளியையும் அடிப்பாகம் வளைந்த சீவுளியையும் ஒரு மாணவன் கையிற் கொடுத்து, மூட்டுப் பொருந்தவில்லையே என்று கடிந்தால், அவன் கருவியை ஐயுறமாட்டான். தன் கையையே ஐயுறுவான். பின்னர் அத்தொழிலை நாடவும் மாட்டான். ஆதலின், மன்னார்த் தீவிலும் அதை அடுத்த கரையிலும் தச்சு பயிலும் இளைஞர்கள் நல்ல கருவிகளை எங்கே தேடலாம், எவ்வாறு தெரிந்தெடுக்கலாம் என்பது பற்றி நேயர்களுக்கு இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

முற்காலத்தில் இக்கேள்வி பெரும்பாலும் எழவில்லை. தந்தையின் கருவிப்பெட்டி மகனுக்கு வந்தது. பனையின் கரிய வைரத்தைப் பிளந்து வளையும் கைமரமும் ஆக்குவதற்கு ஒரு வகை வாள். வள்ளத்துப் பலகைகளின் இடைவெளியில் பஞ்சை அடைத்துக் கலப்பற்றுப் பார்ப்பதற்கு ஒரு வகை மழுங்கிய உளி. கோயில் வாகனத்துக்கும், தேவாலயத் திருவிழாவிலே சுரூபம் எழுந்தருளும் கூட்டுக்கும் பூவேலை செய்வதற்கு வளைந்த வாயுடைய சிற்றுளிகள். இவையெல்லாம் அப்பெட்டியிலே இருந்தன. எதை எங்கே வாங்கினோம் என்ற அறிவும் பெட்டியோடு சேர்ந்தே வந்தது. கடலுக்கு அப்பாலும் வழி இருந்தது. 1914ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. 1964 டிசம்பர்ச் சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் மன்னார்ப் புகையிரதமும் நின்றது. அவ்வாண்டிலும் அதன் பின்னரும் நேர்ந்த இடப்பெயர்வுகளில், பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனவர்களுள் பலர் திரும்பி வந்தபோது கருவிப்பெட்டியைக் காணவில்லை. தலைமன்னார் வரையுள்ள புகையிரதப் பாதை 2015ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. பாதையை மீண்டும் போடலாம். அறுந்துபோன அறிவை ஒருவரிடம் ஒருவர் கேட்டே பெற வேண்டும்.

மன்னார் நகரத்து இரும்புக் கடைகளிலே சுத்தியலும் ஆணியும் பொதுவான உளிகளும் கிடைக்கும். சிறப்பு வேலைக்குரிய கருவியை நாடுவோர் கொழும்புக்கே செல்ல நேரிடுகிறது. ஏறக்குறைய 300 கிலோமீற்றர்ப் பயணம் அது. அங்கே இறங்கியவுடன் கண்ணிற்பட்ட கடையுள் நுழைதல் கூடாது. கொழும்புப் புறக்கோட்டை ஒரு குழப்பமான சந்தை போலத் தோன்றினும், அதற்குள் ஓர் ஒழுங்கு உண்டு. செட்டியார் தெருவிலே பொன். கெய்சர் வீதியிலே துணி. காபோஸ் ஒழுங்கையிலே மருந்து மூலிகை. ஒவ்வொரு பண்டத்துக்கும் அதற்குரிய தெரு இருக்கின்றது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலும் தச்சரும் கொல்லரும் பொற்கொல்லரும் பிறரும் வாழ்ந்து தொழில் செய்த இடங்கள் விரித்துரைக்கப்படுகின்றன. இவ்வாறு ஒரே பண்டத்து வணிகர் ஒரு தெருவிலே கூடுவதால், தொலைவிலிருந்து வருபவன் பத்துக் கடைகளை ஒரே காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு கடையிலே இல்லாத பொருளுக்கு, அக்கடைக்காரரே அடுத்த கடையைச் சுட்டிக் காட்டுவார்.

கருவிகளுக்குரிய தெருக்கள் கொழும்பு 12 என்னும் அஞ்சல் வட்டாரத்தில் உள்ளன. கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து பிரதான வீதி வழியாகக் கிழக்கே சென்றால், பழைய நகர மண்டபத்தை அடையலாம். அதற்கும் அப்பால் பழைய சோனகத் தெரு, குவாரி வீதி, அப்துல் ஜப்பார் மாவத்தை ஆகிய இடங்களில் இரும்புக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இக்கடைகள் பலவற்றிலே தமிழில் உரையாடலாம். ஞாயிற்றுக்கிழமையிலும் போயா தினத்திலும் பெரும்பாலானவை அடைத்திருக்குமாதலால், புறப்படுமுன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நன்று. கொழும்புக்குத் தெற்கே மொறட்டுவை என்னும் ஊர் தளபாடத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அவ்வூர்ப் பட்டறைக்காரர் ஒருவரிடம், “இந்த உளியை எங்கே ஐயா வாங்கினீர்கள்?” என்று கேட்பது, பத்து விளம்பரங்களைப் படிப்பதிலும் பயன் தரும்.

கடைக்குச் சென்றபின் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. “ஒரு வாள் வேண்டும்” என்று கேட்டால் ஏதோ ஒரு வாளே கிடைக்கும். நார்வழியே கிழிக்கும் வாளுக்கு அங்குலத்துக்கு ஐந்து பல் அளவிலும், குறுக்கே அறுக்கும் வாளுக்கு எட்டு முதல் பத்து வரையிலும், மூட்டு வெட்டுவதற்குரிய, முதுகிலே தகடு பொருத்திய சிறு வாளுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமலும் பற்கள் வேண்டும். இருப்புச் சீவுளிகளுக்கு ஸ்ரான்லி நிறுவனம் வழங்கிய இலக்கங்களைப் பிற நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. 4ஆம் இலக்கம் மெருகுச் சீவலுக்கும், பதினான்கு அங்குல நீளமுள்ள 5ஆம் இலக்கம் பொது வேலைக்கும், இருபத்திரண்டு அங்குல நீளமுள்ள 7ஆம் இலக்கம் நீண்ட பலகையின் விளிம்பை நேராக்குவதற்கும் உரியவை. பெயர் தெரியாத கருவியாயின், காகிதத்தில் அளவோடு வரைந்து கொண்டு செல்லலாம். தேய்ந்த பழங்கருவி இருந்தால் அதனையே கொண்டு செல்லலாம்.

வாங்குமுன் சோதித்தல் இன்றியமையாதது. உளியின் தட்டையான பின்புறத்தில் இருப்பு அளவுகோலை நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இடையிலே ஒளி புகுந்தால் அது நேரன்று. சீவுளியின் அடிப்பாகத்தையும் அவ்வாறே பாருங்கள். முன்முனை, வாய், பின்முனை ஆகிய மூன்று இடங்களும் அளவுகோலைத் தொட வேண்டும். கடைக்காரர் இசைந்தால், சிறிய அரத்தின் மூலையை உளியின் வாயருகே மெல்ல இழுத்துப் பாருங்கள். அரம் எளிதாகக் கடித்தால் அது பதமேறாத இரும்பு. வழுக்கிச் சென்றால் பதமேறிய எஃகு. வாளைச் சற்றே வளைத்துவிட்டால், அது மீண்டும் நேராக வேண்டும். இன்று கைப்பேசியிலே படம் பார்த்துக் கருவி வாங்கும் வசதி வந்துவிட்டது. அது பயண அலைச்சலைக் குறைக்கின்றது. ஆயினும் படத்தில் உளியின் பதத்தை யாரும் காண முடியாது. ஆகையால், பொருளைத் திருப்பிக் கொடுக்க இடமுண்டா என்பதைக் கேட்டறிந்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் கொழும்பிலே வாங்க வேண்டுமென்பதும் இல்லை. கொட்டாப்புளியைப் புளியங்கட்டையில் நாமே கடைந்து கொள்ளலாம். பழைய வாகனத்தின் வில்லுத் தகட்டைக் காய்ச்சி அடித்து நல்ல உளி செய்து தரக்கூடிய கொல்லர்கள் இருக்கிறார்கள். கலப்பற்று உளியைப்போல, கடைகளில் அருகிவிட்ட கருவிக்கு அவர்களே புகலிடம். கண்ணாடியிழைப் படகுகள் மலிந்துவிட்ட இந்நாளில் அக்கருவியைக் கேட்போர் சிலரே. ஆயினும் மரவள்ளம் ஒன்று கரையில் உள்ளவரை அதன் தேவையும் இருக்கும்.

வாங்கிய கருவியைக் காப்பது இன்னொரு கடமை. நம் கரையின் உப்புக்காற்று, எண்ணெய் பூசாத எஃகைச் சில நாட்களிலேயே துருப்பிடிக்கச் செய்யும். வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி வைக்க வேண்டும்.

இறுதியாக ஒரு யோசனை. பாடசாலைகளிலே வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் கற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தனித்தனியே கருவி வாங்குதல் இயலாது. ஓர் ஊரிலுள்ள தச்சர்களும் பெற்றோரும் சேர்ந்து தேவைகளைப் பட்டியலிட்டு, கருவியை அறிந்த முதியவர் ஒருவரையும் கற்கும் இளைஞர் ஒருவரையும் அனுப்பினால், செலவும் குறையும். இளைஞர் தெருக்களையும் அறிவார். தேர்ந்தெடுக்கும் முறையையும் அறிவார். அடுத்த முறை வழிகாட்டிச் செல்பவர் அவராகவே இருப்பார்.