வாற்று மட்டும் போதுமா?

வாப்பாவின் வேனில் புதிய ஸ்பீக்கர் பூட்டிய அன்று, பின்னிருக்கையில் இருந்த மூத்தும்மா, "சத்தம் கேட்குது மகன், சொல்லுத்தான் விளங்கல்ல" என்றார். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருந்த வாற்று எண்ணைப் பார்த்தே வாப்பா அதை வாங்கியிருந்தார்.

அந்த எண் பெரும்பாலும் ஸ்பீக்கர் கணப்பொழுது தாங்கும் உச்ச வலுவாகும். நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' எனப்படும் தொடர் வலுவையே. அது வாகன செற்றின் வலுவுக்குப் பொருந்த வேண்டும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை கேட்கும். ஒரே கூம்பு இத்தனையையும் சீராக ஒலிப்பது கடினம். ஆகவே தாழ்ந்த ஒலிகளுக்குப் பெரிய வூஃபரும், உயர்ந்த ஒலிகளுக்குச் சிறிய ட்வீட்டரும் உண்டு. 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் தெளிவு உயர் மீடிறன்களில்தான் தங்கியுள்ளது. அவை நேர்கோட்டிலேயே அதிகம் செல்வதால், கதவின் அடியில் பூட்டினால் கால்களும் இருக்கைகளும் மறைத்துவிடும். ட்வீட்டர் காது மட்டத்தை அண்டியிருப்பதே நல்லது.

வாங்குமுன் ஒருவர் பேசுவதைக் குறைந்த சத்தத்தில் கேட்டுப் பாருங்கள். சொல் தெளிந்தால் ஸ்பீக்கர் நல்லது.

வாப்பா பின் ஜன்னலருகே இரண்டு ட்வீட்டர்கள் பூட்டினார். இப்போது மூத்தும்மா செய்தியை முழுதாகக் கேட்கிறார். சத்தத்தைக் குறைக்கவும் சொல்கிறார்.