தாடைச் சீரமைப்பும் கதிர் மருத்துவத்தின் காலமும்

வாய்ப்புற்று தாடையைப் பற்றியவிடத்து, அத்தாடைப் பகுதியை அகற்றிக் கீழ்க்காலின் வெளிப்புறத்து மெல்லிய எலும்பால் அவ்விடத்தை நிரப்பும் முறையை நியூயார்க்கு மருத்துவர் டேவிட் இடால்கோ 1989இல் எழுதி வெளியிட்டார். எலும்பையும் அதனைச் சார்ந்த தோலையும் குருதிக் குழாய்களோடு எடுத்து, கழுத்துக் குழாய்களில் நுண்ணோக்கியின் துணைகொண்டு இணைப்பர். இங்ஙனம் பெயர்த்து வைக்கும் பகுதியை மடல் என்ப. வாழைமடலும் தாழைமடலும் தாயோடு ஒட்டி நிற்பன. இம்மடலோ முற்றும் பிரிந்து வந்து வேறிடத்தில் வேரூன்றுவது.

வெட்டிய விளிம்பிற் புற்றணுக்கள் காணப்படினும், கழுத்து நெறிக்கட்டியின் உறையைக் கடந்து நோய் பரவியிருப்பினும், அறுவைக்குப் பின் கதிர் மருத்துவம் இன்றியமையாதது. நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்திற்கு 5 நாளாக, ஏறத்தாழ 6 வாரத்தில் 60 கிரே அளிப்பது வழக்கம். அதனை எப்பொழுது தொடங்குவது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

புண் ஆறுதற்கு அணுக்கள் பெருகுதல் வேண்டும். கதிரோ பெருகும் அணுக்களையே மிகுதியும் தாக்கும். ஆதலின், மிக விரைந்து தொடங்கின் தையல் விட்டுப் போதலும், வாயினின்று கழுத்து வழியே உமிழ்நீர் கசியும் புழை உண்டாதலும் கூடும். ஆயினும், அறுவைக்குத் தப்பிய புற்றணுக்களும் அந்நாட்களிற் சும்மா இருப்பதில்லை. இவ்விரண்டையும் எண்ணியே, அறுவை நாள் முதல் 6 வாரத்திற்குள் தொடங்குக என அமெரிக்க வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. இது கடைசி எல்லையேயன்றிக் குறித்த நாள் அன்று.

காலத்தாழ்வுக்குச் சிலர் மடலையே குறை கூறுவர். முன்னாளில் அதற்கு ஓரளவு இடமிருந்தது. பக்காம்சியன் 1965இல் எழுதிய மார்புத்தோல் மடல் இரண்டு அறுவைகளை வேண்டியது. இன்றைய மடலோ ஒரே அமர்வில் முடிகின்றது. நாட்களை உண்பன பிற: திசு ஆய்வின் முடிவுக்குக் காத்தல், பழுதுற்ற பற்களைப் பிடுங்கி அக்குழிகள் ஆறக் காத்தல், முகமூடி வார்த்துக் கதிரின் வழியைக் கணித்தல். கதிர் பட்ட தாடையெலும்பு எளிதில் ஆறாது. சிலருக்கு அது இறந்தும் படும். ஆகவே பற்களை முன்னரே நீக்குதல் தவறன்று. ஆனால் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யின் 42 நாட்கள் எளிதிற் கழிந்துவிடும். அறுவைக்கு முன்னரே கதிர் மருத்துவரைக் காணுதலும், தாடையை அகற்றும் அமர்விலேயே பற்களையும் நீக்குதலும் யாம் தக்கனவாகக் கருதும் வழிகள். சிறு புண் ஒன்று எஞ்சியமை பற்றியே தொடக்கத்தைத் தள்ளிவைத்தல், இரு மருத்துவரும் கூடி முடிவு செய்யாதவிடத்து, எமக்கு உடன்பாடன்று.

தொடங்கிய பின் இடையில் விடுபடும் நாட்களும் இக்கணக்கிற் சேரும். 2001இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, அறுவை நாள் முதல் இறுதிக் கதிர் நாள் வரை உள்ள காலத்தை 11 வாரம், 13 வாரம் என்னும் எல்லைகளால் பகுத்து, குறுகிய காலத்தில் முடித்தோரிடத்தே நோய் நன்கு அடங்கியமையைக் காட்டிற்று.