புதுப் பம்பு மாட்டியும் தண்ணீர் வரவில்லையா?

டிசம்பர் பிறந்துவிட்டால் டில்லியில் விடியற்காலைப் பயணம் என்பது பனிமூட்டத்தோடு மல்லுக்கட்டும் வேலை. ஆக்ரா சாலையில் முன்னே போகும் லாரி ஒரு தடவை சேற்றை வாரி இறைத்தால் போதும், நம் காரின் முன்கண்ணாடி மெழுகிய தரைபோல் ஆகிவிடும். தண்ணீர் இல்லாமல் வைப்பரை ஓட்டினால் சேறு இன்னும் பரவும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடி கண் தெரியாவிட்டால் 66 மீட்டர் குருட்டு ஓட்டம்! அந்த நேரத்தில் கைகொடுப்பது கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் சின்னஞ்சிறு வாஷர் பம்புதான். (குழாய் ஒழுகினால் மாற்றுகிறோமே, அந்த வாஷர் அல்ல.)

"பம்பு போய்விட்டது என்றார்கள், மாற்றினோம், இன்னும் தண்ணீர் வரவில்லை. புதுப் பம்பும் மட்டச் சரக்கு போலிருக்கிறது" என்று நம் அன்பர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடனே காஷ்மீரி கேட்டுக்கு ஓடி இன்னொன்று வாங்கி வருகிறார்கள். அவசரம் வேண்டாம். புதுப் பம்பிலும் தண்ணீர் வரவில்லையென்றால், பழைய பம்பு நன்றாகவே இருந்திருக்கலாம். கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆகவே பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

முதல் சோதனைக்குக் காது போதும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, வீட்டில் ஒருவரை வாஷர் ஸ்விட்சை இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட்டைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியின் அருகே காதைக் கொடுங்கள். 'ர்ர்ர்' என்ற ரீங்காரம் கேட்டால் மின்சாரம் வந்து சேர்கிறது. கோளாறு தண்ணீர்ப் பாதையில். சத்தமே இல்லையென்றால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது பம்பை நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி.

சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பின் வாயிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி, கீழே ஒரு குவளையைப் பிடியுங்கள். ஸ்விட்சை இழுக்காமலே கொஞ்சம் ஒழுகினால் பயப்பட வேண்டாம். தொட்டியின் வழி அடைபடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இழுத்ததும் வேகமாகப் பீய்ச்சினால் பம்பு குற்றமற்றது. மேலே குழாய் மடங்கியிருக்கும், இணைப்பு நழுவியிருக்கும், அல்லது நாஸில் அடைத்திருக்கும். பீய்ச்சாவிட்டால் தொட்டியின் அடியிலுள்ள வண்டலையும், பம்பு பொருந்தும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பம்பை அழுத்திச் செருகும்போது வளையம் உள்ளே மடங்கி வழியை அடைப்பது உண்டு.

பின்கண்ணாடிக்கும் வாஷர் உள்ள சிறிய கார்களில் இன்னொரு வேடிக்கை. பலவற்றில் ஒரே பம்புக்கு இரண்டு வாய். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் முன்னுக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின்னுக்கும் தண்ணீர் போகும். மாற்றும்போது இரண்டு குழாய்களும் இடம் மாறினால், முன்னே கேட்ட தண்ணீர் பின்னே பீய்ச்சும். ஓட்டுபவர் பின்னால் பார்ப்பதில்லை. பம்பு கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்! ஒரே வாய் உள்ள பம்பிலும் ஒயர்கள் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால், சத்தம் வரும், தண்ணீர் வராது அல்லது சொட்டும்.

இனி மின்சாரம். பியூஸைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகுதான் பலர் மீட்டரை நம்பி ஏமாறுகிறார்கள். பத்து இழை உள்ள ஒயரில் ஒன்பது துருப்பிடித்து அறுந்து, ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனெனில் மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் துளியளவு. பம்புக்கோ சில ஆம்பியர் வேண்டும். ரயில்வே சிக்னல் பிரிவில் நாங்கள் சுமை கொடுத்துப் பார்க்காமல் எந்த ஒயரையும் நல்லது என்று எழுதிக் கொடுத்ததில்லை.

எனவே இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பம்பின் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே பல்பை வைத்து ஸ்விட்சை இழுக்கச் சொல்லுங்கள். பிரகாசமாக எரிந்தால் ஒயர் சரி. கனெக்டர் பம்பில் சரியாக அமரவில்லை, அல்லது பம்பே பழுது. எரியாவிட்டால் பல்பின் ஒரு காலைப் பேட்டரியின் நெகடிவ்வில் வைத்து, மற்றதால் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் எரிந்தால் மின்சாரம் வருகிறது, திரும்பிப் போகும் பாதை அறுந்திருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் பியூஸ், ஸ்விட்ச் பக்கம் போங்கள். ஸ்டீயரிங் அருகே மஞ்சள் நிறக் கனெக்டர் தென்பட்டால் மட்டும் கை வைக்காதீர்கள். அது காற்றுப்பைக்கு உரியது.

நாஸில் அடைப்புக்குப் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரே காரணம். போர்வெல் தண்ணீரின் உப்பு அந்த ஊசித் துளையில் படிந்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சிலர் இந்தத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, தொட்டிக்கு வடிகட்டிய நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஏற்கெனவே அடைத்திருந்தால் நாஸிலைக் கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறப் போட்டு, மெல்லிய குண்டூசியால் குத்தி, குழாய்ப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீரைச் செலுத்திக் கழுவினால் துளை திறந்துகொள்ளும்.