வேரைத் தேடி வருவோர்



உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன? ஆசிரியப் பணியில் இருந்த நாளில் இக்கேள்வியை வகுப்புதோறும் கேட்பேன். பாட்டனார் பெயரைச் சொல்லப் பலர் எழுவர். அதற்கு மேற்சென்றால் வகுப்பே அமைதியாகிவிடும். ஆனால், கடல் கடந்து வந்து இதே கேள்வியை வில்லியனூரிலும் பாகூரிலும் கேட்டு அலைவோர் உளர்.

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல் மார்த்தினிக் தீவை அடைந்தது. ரெயூனியன், குவாதலூப் தீவுகளுக்கும் ஆயிரக்கணக்கானோர் சென்றனர். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் பலர் திரும்பவில்லை. அவர்தம் வழித்தோன்றல்களே இன்று வேரைத் தேடி வருகின்றனர்.

இத்தேடல் எளிதன்று. ஸ்காட்லாந்தில் 1855 முதல் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதிதல் கட்டாயமாயிற்று. அப்பதிவில் தாயின் பிறந்தகத்துப் பெயரும் இருக்கும். ஆதலின் கனடாவிலிருந்து வரும் ஸ்காட்லாந்து மரபினர் படிப்படியாகப் பின்னோக்கிச் செல்ல இயலும். நம் கொம்யூன்கள் 1880-இல்தான் அமைந்தன. கப்பலேறியவர்களோ பெரும்பாலும் அதற்கு முன் பிறந்தவர்கள். ஆகவே அவர்தம் பிறப்பைவிட, ஊரில் தங்கிவிட்ட உடன்பிறந்தாரின் பிற்காலப் பதிவுகளைத் தேடுவதே பயன் தரும்.

பெயரும் ஒரு தடை. முத்துசாமி என்பவர் ரெயூனியன் சென்றார் என்று கொள்வோம். அங்கே அப்பெயரே குடும்பப் பெயராக நிலைத்து, பேரன் பேத்தியர்க்கும் வழங்கும். இங்கேயோ தந்தை பெயர் தலைப்பெழுத்தாகித் தலைமுறைதோறும் மாறும். ஆதலின் ஒரே குருதியினர் இரு வேறு பெயருடன் நிற்பர். தொடர்பே இல்லாதார் ஒரே பெயருடன் நிற்பர். மேலும், பதிவேட்டில் 'புதுச்சேரி' என்றிருந்தால் அது ஏறிய துறையாக இருக்கலாம். பிறந்த ஊராக வேண்டுவதில்லை. தஞ்சை, தென்னார்க்காட்டு மக்களும் இத்துறைகளில் கப்பலேறினர்.

சில ஆண்டுகளுக்கு முன் ரெயூனியனிலிருந்து ஒரு மூதாட்டியார் என்னிடம் வந்தார். கையில் பழைய பதிவேட்டின் படி. அதில் ஒரு பெயர், தந்தை பெயர், வயது, 'பாகூர்' என்னும் ஊர். பிரெஞ்சு அறிந்தவன் என்பதால் துணைக்குச் சென்றேன். இரண்டு நாள் நடந்தோம். ஒரு சிற்றூரில், "எங்க கொள்ளுத் தாத்தாவோட அண்ணன் கப்பலேறிப் போனவர், திரும்பவே இல்லை" என்றார் ஒரு முதியவர். அம்மையார் கண்ணீர் விட்டார். வீட்டாரும் நெகிழ்ந்தனர்.

ஆனால், அண்ணனின் பெயரோ அவர் தந்தையின் பெயரோ அவ்வீட்டில் எவர்க்கும் தெரியவில்லை. "ஒருவேளை உறவாகலாம், உறுதி சொல்லச் சான்றில்லை" என்று நான் மொழிபெயர்த்தேன். அதைச் சொல்ல என் நா கூசியது. எனினும், ஆசையைச் சான்றாக்கிப் பொய்யான உறவை அவர் தலையில் கட்டுவது தகாது. அப்போது அவ்வீட்டுப் பாட்டி, "உறவோ இல்லையோ, இவ்வளவு தூரம் வந்தவங்க சாப்பிட்டுப் போகட்டும்" என்றார். இலை போடப்பட்டது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல்லாண்டு வரலாறு கற்பித்த நான், என் கொள்ளுப் பாட்டனாரின் உடன்பிறந்தார் பெயரை அறியேன். கேட்டறிய வேண்டிய முதியோரும் மறைந்துவிட்டனர்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் முதியோர் இருப்பின் இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்று அருகில் அமருங்கள். பெயர், ஊர், பெண் கொடுத்த ஊர், வெளியூர் சென்றவர் எவர் என்று கேட்டு எழுதுங்கள். கேட்டதை ஒரு பக்கத்திலும், பத்திரத்தில் கண்டதை மறுபக்கத்திலும் குறியுங்கள். நாளை உங்கள் வாயிலில் ஒருவர் வந்து நிற்கக்கூடும். அவர் கேட்கும் பெயர் அக்குறிப்பேட்டில் இருக்கட்டும்.