கணினிப் படிவமும் வாயிற்காவலும்

இறம்பொடையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் பல உண்டு. அத்தகைய தோட்டமொன்றின் காரியாலயத்தில், முன்னாளிலே பேரேடு விரித்திருந்த மேசைமீது இந்நாளில் கணினி வீற்றிருப்பதை நேயர்கள் மனக்கண்ணால் காணலாம். தொழிலாளியின் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவற்றை இலிகிதர் அதிலே பதிகின்றார். ஓர் இலக்கம் பிசகினாலும், ஊழியர் சேமலாப நிதியைப் பெறும் வேளையிலே வீண் அலைச்சல் நேரக்கூடும். அதுவோ பல்லாண்டு கொழுந்து பறித்த கைகளுக்குரிய பணம். ஆகவே, பதியப்படும் விவரம் பொருத்தமானதா எனக் கணினியே உடனுக்குடன் ஆராயுமாறு நிரல் எழுதுகின்றனர். இதுவே சரிபார்ப்பு எனப்படும்.

சரிபார்ப்பு ஒரு வாயிற்காவலனுக்கு ஒப்பாகும். கட்டாயமான கட்டம் வெறுமையாக உள்ளதா, இலக்கம் வேண்டிய இடத்தில் எழுத்து வந்ததா, நீளம் சரியா, ஒரு கட்டத்தின் விவரம் மற்றொன்றோடு முரண்படுகின்றதா என்றெல்லாம் அது வினவும். ஆயினும் வாயிற்காவலனுக்குக் கடமைகள் இரண்டு. அயலானைத் தடுப்பது ஒன்று; வீட்டுக்குரியவனை விரட்டாதிருப்பது மற்றொன்று. பலர் முதலாவதை மட்டுமே நினைக்கின்றனர்.

இலங்கையின் தேசிய அடையாள அட்டையே இதற்குத் தக்க சான்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும், ஈற்றில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பதையும் காட்டும். பெண்களாயின் நாளோடு 500 கூட்டப்படும். 2016 ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் அட்டையிலோ 12 இலக்கங்கள், ஆண்டு முழுமையாக வரும், எழுத்து இல்லை. இவ்விரு வகையையும் படிவம் ஏற்றல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இந்த இலக்க முறையிலே பெப்ரவரி மாதம் எப்போதும் 29 நாள்களாகவே எண்ணப்படுகின்றது. 1965 மார்ச் முதலாந் திகதி நாட்காட்டியின்படி 60 ஆவது நாள். அடையாள அட்டையிலோ 61. அன்று பிறந்த பெண்ணின் இலக்கம் 65561 எனத் தொடங்கும். இதை அறியாது எழுதிய நிரல், ஒருநாள் வேறுபாட்டைக் கண்டு, உண்மையான திகதியைப் பொய்யென ஒதுக்கிவிடும்.

நுவரெலியாப் பகுதியின் தொலைபேசி இலக்கம் 052 எனத் தொடங்குகின்றது. அதைக் கணக்குத் தொகையாகக் கொண்டால் முன்னுள்ள சுழியம் மறைந்துபோகும். கூட்டவும் கழிக்கவும் பயன்படாத இலக்கத்தை எழுத்துக் கோவையாகவே காத்தல் நன்று.

பெயரிலும் இடர்ப்பாடு உண்டு. பொன்னம்மாள் என்னும் பெயரில் நமது கணக்குப்படி எழுத்துகள் ஆறு. யுனிகோடு முறையிலோ வழக்கமாகக் குறியீடுகள் பதினொன்று வரும். உயிர்க்குறியும் புள்ளியும் அங்கே தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். எழுத்தை மட்டும் ஏற்பேன் என்று விதி செய்தால், சில நிரல்களில் புள்ளியே குற்றமாகிவிடும். குடும்பப் பெயர் கட்டாயம் என்றாலோ, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் மக்கள் எதை எழுதுவர்?

முகவரியையும் நோக்குக. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தெருப் பெயர் கிடையாது. தெருவின் பெயரை எழுதாமல் மேலே செல்ல முடியாதெனக் கணினி பிடிவாதம் செய்தால், இலிகிதர் ஒரு கோட்டையோ சுழியத்தையோ இட்டு நகர்வார். பிழையைத் தடுக்க வந்த விதியே பொய்யைப் பிறப்பித்துவிடுகின்றது! பழைய பேரேட்டிலே ஒவ்வாத விவரத்தை ஓரத்தில் குறித்துவைக்க இடமிருந்தது. கணினிப் படிவத்துக்கு ஓரம் இல்லை. ஆதலின் குறிப்புக்கென ஒரு கட்டம் அமைத்தல் இன்றியமையாதது.

சரிபார்க்கும் வேளையும் முறையும் முக்கியமானவை. ஒவ்வோர் எழுத்துக்கும் குறுக்கிடாது, கட்டத்தை விட்டு நீங்கும்போது ஆராய்வது தகும். சேமிக்கும்போது மீண்டும் முழுவதையும் நோக்க வேண்டும். நிச்சயமான பிழையைத் தடுக்கலாம். ஐயத்துக்கிடமானதை எச்சரித்துவிட்டு ஏற்கலாம். பிழை என்று மட்டும் கூறாது, எந்தக் கட்டத்தில் எது வேண்டும் என்பதைத் தெளிந்த தமிழில் உரைக்க வேண்டும். ஏற்கெனவே பதிந்தவற்றை அழித்துவிடலாகாது.

நிரல் எழுதுவோர் கணினியை அறிந்தால் மட்டும் போதாது. படிவத்தில் இடம்பெறும் மக்களின் பெயர் வழக்கையும் குடியிருப்பையும் அவர்கள் அறிதல் வேண்டும். தட்டச்சில் நேர்ந்த பிசகைக் காட்டுவதே சரிபார்ப்பின் தொழில். ஒருவருடைய வாழ்வையே பிசகெனச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.